ஒரு மடக்கில் அடங்காத பெயர்

சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை. எரிந்தால் பேசலாம், எரியாதவரைக்கும் இருமிக்கொள்ளுங்கள் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற நௌஷாத் சொல்லியிருக்கிறான், ஒலிப்பதிவுக்காரன், நல்ல பையன்தான், ஆனால் எனக்கு இருமல் வாய் வழியாக வராது, கழுத்தில் இருக்கிற ஓட்டை வழியாகத்தான் வரும் என்பது அவனுக்கு இன்னும் மனதில் படியவில்லை, ஒவ்வொரு தடவையும் என் வாயையே பார்க்கிறான். சாலிகிராமத்தில் ஒரு பழைய வீட்டின் பின்பக்க அறை இது. சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி கறுப்புப் பஞ்சு ஒட்டியிருக்கிறது, நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் அடைக்கு வைத்த கோழி மாதிரி நான். மூக்குக்கு நேராக மைக், மைக்குக்கு முன்னால் டீ வடிகட்டியைப் பெரிதாக்கின மாதிரி ஒரு வலை. இந்த எழுபத்து மூன்று வயதில் பொன்னுரங்கம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறான் பார் என்று என் சொந்தக்காரர்கள் யாராவது பார்த்தால் ஜோசியக்காரனிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். எலும்பாலை என்று பெயர் வைத்துக்கொண்டு டெத் மெட்டல் என்கிற உறுமல் பாட்டு வாசிக்கிற குழு, அவர்களுடைய முதல் ஆல்பம், அதில் முதல் நிமிஷம் என்னுடையது. பத்துப் பாட்டும் முடிந்துவிட்டது. டிரம் முடிந்தது, கிடார் முடிந்தது, பாடுகிற பெண் ஜெனிட்டா உறும வேண்டியதையெல்லாம் உறுமி முடித்துவிட்டாள், முதல் பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷத்தை மட்டும் காலியாக விட்டுவைத்திருக்கிறார்கள், பின்னால் ஒரே ஒரு கிடார் கம்பி கிணற்றுக்குள் கல் போட்ட மாதிரி மெதுவாக அதிரும், அதன்மேல் என் குரல். அந்தக் காலி இடத்தில்தான் நான் ஞானப்பிரகாசத்தை உயிரோடு புதைக்கப் போகிறேன். எதைப் பேசினாலும் பரவாயில்லை தாத்தா, யாருக்கும் புரியாது, சத்தம்தான் முக்கியம் என்று ஜெனிட்டா என்றைக்குச் சொன்னாளோ அன்றைக்கே குழி வெட்ட ஆரம்பித்துவிட்டேன். ஒரு வாரமாகக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறேன். மருமகள் வயிறு சரியில்லையோ என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன். பகைக்கும் ஜீரணம் வேண்டியிருக்கிறது.

ஜெனிட்டா கண்ணாடிக்குப் பின்னால் நௌஷாத்தின் தோளுக்கு மேல் குனிந்து எதையோ காட்டுகிறாள். பக்கவாட்டில் பார்த்தால் அதே நெற்றி, அதே காது, ஞானப்பிரகாசத்தின் காது, மடல் ஒட்டாமல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், அதைப் பிடித்து எத்தனை தடவை நான் திருகியிருக்கிறேன். அவனுடைய மகன் வயிற்றுப் பேத்தி. பல் ஆஸ்பத்திரியில் வேலை, பகலெல்லாம் குழந்தைகளிடம் வாயைத் திற கண்ணு என்று கொஞ்சுகிற பெண், சாயங்காலம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குள் போய் நின்று வாயைத் திறந்தால் பக்கத்து லேத் பட்டறை நாய்கள் ஆவடி வரைக்கும் ஓடும், நானே பார்த்தேன், ஒன்று மட்டும் திரும்பி வந்தது, அது காது கேட்காத நாய். போன மாதம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கறுப்புச் சட்டை, சட்டையில் வேர் பின்னின மாதிரி எழுத்து, படிக்க முடியாது, படிக்க முடியாமல் இருப்பதுதான் அழகாம். "ரங்கம் தாத்தாங்களா? நான் ஞானப்பிரகாசம் பேத்தி." கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தினால் சத்தம் வரும், என் வீட்டில் சத்தம் போடக்கூடியது அந்தக் கதவு ஒன்றுதான், ஆனாலும் சாத்தவில்லை, வந்தவள் அவன் காதோடு வந்திருந்தாள், திருகலாமா என்று கை துறுதுறுத்தது. உள்ளே வந்து உட்கார்ந்து, காப்பி வேண்டாம் என்று சொல்லி, வைத்ததும் குடித்து, பிறகு சொன்னாள், "சின்ன வயசுல தாத்தா வீட்ல உங்க மாதிரியே பேசிக் காட்டுவாரு. சாப்புட உக்காந்தா, விருந்தாளி வந்தா, கரன்ட் போனா. எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கு மட்டும் அந்தக் குரல் புடிச்சுப்போச்சு. ரூமுக்குள்ள போய்ப் பழகிப் பாப்பேன். அதுலருந்துதான் இதெல்லாம் வந்தது." காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே அவள் மேலும் என்னவோ சொன்னாள், சித்தப்பா கல்யாணத்தில் அவளைப் பாடச் சொன்னார்களாம், அவள் இந்த உறுமலில் ஒரு வரி விட்டாளாம், தாத்தா மைக்கைப் பிடுங்கி எங்க வீட்டுச் சாக்கடை மோட்டார் ஓடுது எல்லாரும் மன்னிச்சுக்கோங்க என்றாராம், அன்றிலிருந்து சொந்தத்தில் எல்லாருக்கும் அவள் மோட்டார் ஜெனிட்டாவாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. என் காதில் அதற்கு முந்தினதே நின்றுகொண்டிருந்தது, சாப்பிட உட்கார்ந்தால், விருந்தாளி வந்தால், கரன்ட் போனால். இத்தனை வருஷமாக அவன் வீட்டில் இருட்டு வந்தபோதெல்லாம் நான் வந்திருக்கிறேன்.

மைக்கைப் பார்த்தால் தொடை தானாக விறைக்கிறது. பழைய வியாதி. அவனும் நானும் ஒரே மைக்கில் பேசினவர்கள், கபடி வர்ணனை, அம்பத்தூர், பாடி, கொரட்டூர், மண்ணூர்பேட்டை, எங்கே போட்டி நடந்தாலும் ரங்கமும் ஞானமும் வருகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் நோட்டீஸ் அடிப்பார்கள். ஆட்டத்துக்குப் பாடி வருகிறவனுக்கு ஒரு மூச்சு, அந்த மூச்சு அறுந்தால் அவன் அவுட், அதேபோல் வர்ணனைக்கும் ஒரு மூச்சு என்பது எங்கள் தொழிலில் நாங்களாகப் போட்ட சட்டம். அவன் எல்லையைத் தாண்டினதிலிருந்து திரும்பித் தன் கோட்டைத் தொடுகிறவரைக்கும் மைக்கில் ஒரு நொடி சத்தம் இல்லாமல் போகக்கூடாது. நான் மூச்சு வாங்கினால் ஞானம் எடுப்பான், அவன் வாங்கினால் நான் எடுப்பேன், இடையில் நூல் நுழைய இடமிருக்காது. எடுப்பதற்கு முன்னால் அடுத்தவன் தொடையில் இரண்டு விரலால் ஒரு தட்டு. அவ்வளவுதான், கண்ணால்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டோம். எங்கள் பேச்சைக் கேட்டு ஓடுகிற பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி வந்திருக்கிறான். மண்ணூர்பேட்டையில் ஒரு தடவை எதிரணி ஏழு பேரும் காலைப் பிடித்துத் தொங்க, பாடிப்போனவன் மூச்சு விடாமல் அவர்களை இழுத்துக்கொண்டு வந்தான், கோட்டைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனான், நாங்களும் மைக் வயரை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போய் வர்ணித்தோம். வயர் எவ்வளவு நீளம் என்று கேட்பவனுக்கு நான் கதை சொல்வதில்லை. ஆட்டக்காரனுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் எங்கள் வேலை. கரன்ட் கம்பி, ஒட்டுப்புல், கடன்காரன், நாங்கள் மைக்கில் ஒருத்தனுக்கு என்ன பெயர் வைத்தோமோ அதுதான் அவன் கல்யாணப் பத்திரிகையிலும் அடைப்புக்குள் வரும், அதுதான் அவனுடைய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரிலும் வரும். அதனால்தான் ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தோம். அடிபட்டுக் களத்தைவிட்டு வெளியே போனவனுக்குப் பெயர் வைக்கக்கூடாது. எங்கள் தொழிலில் பாவம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

திலீபன் உள்ளே எட்டிப்பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கையால் கேட்கிறான், டிரம் வாசிக்கிறவன், இரண்டு காலாலும் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்யவைப்பான். அவனுக்கு நான் ஊமையில்லை என்று தெரியும், ஆனாலும் கையால்தான் பேசுகிறான். காலையில் கேட்டான், தாத்தா தொண்டைக்கு என்ன ஆச்சு என்று. ஒரு ஆட்டக்காரன் எகிறி உதைத்தான், நான் ரெஃப்ரீ விசிலை விழுங்கிவிட்டேன், அதை எடுக்கப் போய் குரல்வளையும் கூட வந்துவிட்டது என்றேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மடக்குக் காற்று விழுங்கி, ஏப்பமாகத் திருப்பி, இத்தனையையும் சொல்லி முடிக்க ஒரு டீ ஆறிப்போகிற நேரம் ஆயிற்று, அவன் நம்பிவிட்டான், இவ்வளவு சிரமப்பட்டு யாரும் பொய் சொல்வார்களா என்று நினைத்திருப்பான். சொல்வார்கள் தம்பி. நிஜத்துக்காக அவ்வளவு காற்றைச் செலவழிக்க முடியாது. நிஜம் என்றால் தொண்டையில் கட்டி, ஆபரேஷன், ஓட்டை, அவ்வளவுதான், அதில் ரசிக்க என்ன இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா பேச்சுப் பழக்கினார், காற்றை விழுங்குங்க, வயித்துக்கு விடாம பாதியிலேயே திருப்புங்க, உதட்டுல வச்சு வார்த்தையாக்குங்க என்றார், சோடா குடித்துப் பழகினால் சுலபம் என்றார், நான் பழகின பழக்கத்தில் எங்கள் தெரு சோடாக்காரன் வீட்டுக்கு மாடி எடுத்தான். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் ஒரு மடக்குக்கு நாலு எழுத்து வரும், நல்ல நாளாக இருந்தால் ஐந்து. முதலில் வந்த சொல் அம்மா. இரண்டாவது சொல்லை நானாகத் தேர்ந்தெடுத்துப் பழகினேன், வணக்கம், மூன்றே எழுத்துக்கு அடங்கிவிடும், மைக் முன்னால் போனால் முதலில் சொல்ல வேண்டியது அதுதானே. அதைத்தான் எடுத்துக்கொண்டு அன்றைக்கு எஸ்டேட் மைதானத்துக்குப் போனேன்.

நௌஷாத் பட்டனை அழுத்திச் சொல்கிறான், "தாத்தா, சும்மா மூச்சு விடுங்க, லெவல் பாக்கறேன்." விடுகிறேன். கழுத்து ஓட்டையில் உஸ்ஸென்று காற்று, ஹெட்ஃபோனில் அது புயல் கரையைக் கடக்கிற மாதிரி கேட்கிறது, என்னுடையதுதானா இது. "காத்து ரொம்ப வருது, கட் பண்ணிரலாமா?" என்று அவன் கேட்பதும் "கைய வச்ச, உன்ன கட் பண்ணிருவேன்" என்று ஜெனிட்டா சொல்வதும் பட்டனை விட மறந்துவிட்டதால் என் காதில் விழுகிறது. பிறகு பட்டனை விட்டுவிட்டார்கள். சத்தம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் வாய்கள் அசைகின்றன. நௌஷாத் சிரிக்கிறான். திலீபனும் சிரிக்கிறான். எதற்கு. ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொள்கிறாள், எதற்குப் பொத்துகிறாள், அன்றைக்கும் இப்படித்தான் முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்தினாள், ஆயிரம் பேர் கூட்டம், இரண்டாயிரம்கூட இருக்கும், இறுதி ஆட்டம், நான் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் பின்னால் நின்றேன், சும்மா கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான். சும்மா என்றால் சட்டைப்பையில் அந்த வணக்கத்தை வைத்துக்கொண்டு. மேடையிலிருந்து ஞானம் என்னைப் பார்த்துவிட்டான். "நம்ம ரங்கம் அண்ணன் வந்திருக்காரு, வழி விடுங்க, ரெண்டு வார்த்தை பேசுவாரு." ஐயாயிரம் பேர் திரும்பிப் பார்த்தார்கள். களத்தில் மைக்கை நீட்டினால் மறுக்கக்கூடாது, மறுத்தால் அந்த ஊர் மண்ணை அவமதித்த மாதிரி, எத்தனை எம்எல்ஏக்களை நாங்களே அப்படி மாட்டிவிட்டிருக்கிறோம். மேடையேறினேன். பக்கத்தில் உட்காரவைத்தான். மைக்கை நீட்டினான். காற்றை விழுங்கினேன். வந்தது வணக்கம் இல்லை, அது என்னவென்று இன்றுவரை எனக்கே தெரியாது, ஸ்பீக்கர் பெட்டியில் போய் மோதி, நாலு மூலையிலிருந்தும் திரும்பி என்மேலேயே விழுந்தது. அமைதி. அப்போது என் தொடையில் இரண்டு விரல் தட்டிற்று. அப்பாடா என்று இருந்தது எனக்கு. மூச்சு வாங்குகிறேன் என்று தெரிந்து எடுத்துக்கொள்கிறான், மூடி மறைத்துவிடுவான், ஞானம் என்றால் ஞானம்தான் என்று மைக்கை விட்டேன். அவன் எடுத்தான். எடுத்து, அதே சத்தத்தைப் போட்டான். என்னைவிட நன்றாகப் போட்டான். "நம்ம தவளை அண்ணன் வணக்கம் சொல்றாருங்க." பத்தாயிரம் பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மைதானத்துச் சுவர் விழுந்தது, இன்னும் கட்டவில்லை, போய்ப் பார்க்கலாம். சிரித்தது பெரிதில்லை, கூட்டம் சிரிக்கத்தான் வரும், தவளைகூடப் பெரிதில்லை, பத்து வருஷமாகப் பால் வாங்கப் போனால் தவளை வந்திருக்கு என்று கேட்டுப் பழகிவிட்டது. அந்தத் தட்டு. என்ன அவசியம். தட்டாமல் மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கியிருந்தால் சண்டை போட்டுவிட்டு அடுத்த வாரம் பேசியிருப்பேன்.

இந்த இடத்துக்கு வந்தால் மனம் நின்றுவிடும், சைக்கிள் செயினில் வேட்டி மாட்டின மாதிரி, முன்னாலும் போகாது பின்னாலும் வராது. வா, வேலையைப் பார். சாபத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள். முதல் நாள் குளியலறையில் எடுத்தது கட்டையில் போக. ஐந்து எழுத்து, சிரமப்பட்டால் வரும், ஆனால் எழுபத்து மூன்றில் இருக்கிறவன் எழுபத்தைந்தில் இருக்கிறவனைப் பார்த்துக் கட்டையில் போக என்றால் அது சாபமா, க்யூவில் முன்னால் போ என்று இடம் விடுகிற மரியாதை. நாக்கு அழுக என்று வைத்தேன். எனக்கு வந்த வியாதியை அவனுக்கு எழுதிவைக்க மனம் ஒப்பவில்லை, நல்லவன் என்று இல்லை, அது என்னுடையது, அதில் அவனுக்குப் பங்கு எதற்கு. புழு, பாம்பு, கரையான் எல்லாம் பார்த்தேன், ஜெனிட்டாவின் பத்துப் பாட்டிலும் அதுதான் இருக்கிறது, ஒரு பாட்டில் ஒருத்தனுடைய குடலை அவனே நூல்கண்டு மாதிரி சுற்றுகிறான், அதற்கு மேல் நான் என்ன சொல்ல. அப்புறம்தான் வந்தது, பல் தேய்க்கிறபோது, எளிமையாக. அவன் இன்னும் மைக் பிடிக்கிறான். இந்த வயதிலும் மாலையும் பொன்னாடையுமாக மேடையில் நடுநாற்காலி. அவனுக்கு ஒரு சாபம்தான் உண்டு. ஃபைனலில் உன் மைக் அணையட்டும். ஆட்டம் சமத்தில் நிற்க வேண்டும், கடைசி ஆள் பாடிப்போக வேண்டும், கூட்டம் முழுக்க இவன் வாயையே பார்க்க வேண்டும், அப்போது பட்டென்று அணைய வேண்டும், இவன் வாயைத் திறந்து திறந்து மூட வேண்டும், பக்கத்தில் தொடை தட்ட ஆள் இருக்கக்கூடாது. ஃபைனல்ல, மூன்று. உன் மைக்கு, மூன்று. அணையட்டும், நாலு. அழகாக மடக்கு மடக்காக உட்கார்ந்துவிட்டது. பெயரில்தான் தகராறு. ஞானப்பிரகாசம் ஆறு எழுத்து. பிரசவம் பார்த்த நர்ஸிலிருந்து பாதிரியார் வரைக்கும் சேர்ந்து எனக்கென்றே வைத்த பெயர். ஒரு மடக்கில் வரமாட்டேன் என்கிறது, ஞானப்பிர என்று வந்து காற்று தீர்ந்துவிடுகிறது, மறுபடி விழுங்கி மீதியைச் சொன்னால் அது வேறு யாரோ மாதிரி தனியாக விழுகிறது. முழுதாக வருவது ஞானம் மட்டும்தான். அது நான் கூப்பிட்ட பெயர். டீக்கடையில் கூப்பிட்டது, அவன் பெண்டாட்டி செத்த அன்று கூப்பிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிச் சபித்தால் சாபம் பாதி வழியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், எனக்குத் தெரியும். முழுப் பெயர் வேண்டும், நோட்டீஸில் போடுகிற பெயர், அந்நியன் பெயர். போலந்தில் கேட்பார்கள் பிரேசிலில் கேட்பார்கள் என்று ஜெனிட்டா சொல்கிறாள், இந்த மாதிரிப் பாட்டுக்கு அங்கெல்லாம் ஆள் இருக்கிறதாம், புரியாத வரியைக்கூட மனப்பாடம் பண்ணிக்கொண்டு கூடவே உறுமுவார்களாம். உறுமட்டும். தாடி வைத்த ஒரு போலந்துக்காரன் பனியில் நின்றுகொண்டு கொரட்டூர் ஞானப்பிரகாசத்தின் மைக்கை அணைக்கட்டும். ஒருத்தன் சபித்தால் பலிக்காமல் போகலாம், ஒரு கண்டமே சபித்தால் எந்த ஆம்ப்ளிஃபயர் தாங்கும்.

சிவப்பு. எரிந்துவிட்டது. ஹெட்ஃபோனில் கிணற்றுக் கல் விழுகிறது, ஒன்று, அதிர்வு அடங்குவதற்குள் இன்னொன்று. இப்போது காற்று வராவிட்டால். வணக்கம் மாதிரி இதுவும் ஆகிவிட்டால். பொத்தின வாய்கள் கண்ணாடிக்குப் பின்னால் தயாராக இருக்கின்றன. விழுங்கு. விழுங்கினேன். ஞானப்பிர. போயிற்று. விழுங்கு. காசம். ஃபைனல்ல. உன் மைக்கு. என் குரல் என் காதுக்குள்ளேயே திரும்பி வருகிறது, குளியலறையில் கேட்டதில்லை இது, மண்ணுக்கு அடியிலிருந்து பெரிய எதையோ யாரோ நகர்த்துகிற சத்தம், பத்து வருஷமாக நான் ஒளித்துக்கொண்டு திரிந்தது இதைத்தானா, உடம்பெல்லாம் புல்லரிக்கிறது. அணையட்டும். கடைசி எழுத்தைக் கழுத்துக் காற்று உஸ்ஸென்று இழுத்துக்கொண்டு போயிற்று. கம்பி அதிர்ந்து அடங்கியது. விளக்கு அணைந்தது.

யாரும் சிரிக்கவில்லை. நௌஷாத் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறான், திலீபன் தன் முன்கையை நீட்டி மயிர் நிற்பதைக் காட்டுகிறான். பட்டன் விழுந்து, "தாத்தா, செம. சத்தியமா செம. ஆமா, என்ன பாஷை அது, சமஸ்கிருதமா?" என்கிறான் நௌஷாத். நான் தலையை மேலும் கீழுமாக ஆட்டினேன், ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம். புதைத்தாயிற்று. மேலே மண் தள்ளியாயிற்று. ஸ்டூலிலிருந்து இறங்கப் போனேன். அப்போது ஜெனிட்டா குனிந்து, நௌஷாத்தின் கையைத் தள்ளிவிட்டு, தானே பட்டனை அழுத்தினாள். "இன்னொரு டேக் போலாம் தாத்தா. அணையட்டும் சூப்பரா வந்திருக்கு. பேருதான் ஒடையுது."

ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பஞ்சு ஒட்டின அறையில் என் இதயம் எனக்கே வெளியிலிருந்து கேட்கிறது. யாருக்கும் புரியாது என்றாளே. அவள் சொன்னதை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன், யாருக்கும் புரியாது, எனக்குப் புரியாது என்று அவள் சொல்லவில்லை. மடையா, ரங்கம், அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் ஓடின குரல் இது, ரூமுக்குள் போய்ப் பழகின குரல், தாய்ப்பாஷைக்கு அடுத்த பாஷை. கதவு திறந்தது. உள்ளே வந்தாள், பின்னால் சாத்தினாள், அந்தக் காது இரண்டும் சிவந்திருந்தன, அவன் காதும் கோபம் வந்தால் இப்படித்தான் சிவக்கும். என்ன சொல்வாள். எங்க தாத்தாவையா என்பாள். அழிக்கச் சொல்வாள். நான் காற்றை விழுங்கிவைத்துக்கொண்டேன், சண்டைக்கு ஒரு மடக்கு கையில் இருக்கட்டும்.

"அழிக்கச் சொல்ல மாட்டேன்," என்றாள், ஏதோ நான் கேட்ட மாதிரி. "நீங்க வேற யாரைத் திட்டுவீங்க. தெரிஞ்சுதான கூப்பிட்டேன். சித்தப்பா கல்யாணத்துல எத்தன பேர் இருந்தாங்க தெரியுமா தாத்தா, ஆயிரம் பேரு." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டாயிரம்கூட இருக்கும்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அன்றைக்கு என் வீட்டில் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னபோது சிரித்தாளே, அது என்ன சிரிப்பு என்று இப்போதுதான் தெரிகிறது, பால் வாங்குகிற இடத்தில் நானும் அதைத்தான் சிரிக்கிறேன். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து ஹால்ல உக்காருவாரு. பிரியாணி சாப்புட்டு, கால நீட்டிக்கிட்டு. மொத்தக் குடும்பமும் இருக்கும். அப்பப் போடப்போறேன், பெரிய ஸ்பீக்கர்ல. அவருக்குப் புரியும், அவர்தான எனக்குச் சொல்லிக்குடுத்தாரு. அதுக்குப் பேரு முழுசா விழணும்." கையில் சேர்த்துவைத்திருந்த காற்று வீணாகாமல் இருக்கட்டும் என்று சொன்னேன். "எனக்கொரு." விழுங்கினேன். "சேர் போடு." அவன் முகத்துக்கு நேராகப் போடச் சொல்ல இன்னொரு மடக்கு வேண்டும், அவளே புரிந்துகொண்டு, "முன்னாடிதான் போடுவேன்" என்றாள்.

மைக்கை இரண்டு பேருக்கும் நடுவில் இழுத்தாள், இன்னொரு ஸ்டூலை என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள், ஹெட்ஃபோனில் ஒரு காது அவளுக்கு ஒரு காது எனக்கு. "நீங்க ஞானப்ன்னு விடுங்க. மிச்சத்த நான் எடுத்துக்கறேன்." எடுத்துக்கொள்கிறாளாம். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. நௌஷாத் கையை உயர்த்துகிறான். சிவப்பு. கல் விழுகிறது. விழுங்கினேன், ஞானப் என்று விட்டேன், காற்று தீர்கிற அந்த இடத்தில், பத்து வருஷமாக நான் கால் வைக்க அஞ்சுகிற அந்த இடத்தில், என் தொடையில் இரண்டு விரல் தட்டிற்று. உடம்பு முழுக்க ஒரு சுருக்கு. பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள். தவளை என்று சொல்லப் போகிறார்கள். மைக்கை விடாதே, விடாதே என்று கை பாய்வதற்குள் பக்கத்தில் அவள் எடுத்துவிட்டாள், என் குரலிலேயே, இடையில் நூல் நுழைய இடமில்லாமல், பிரகாசம். பெயர் முழுதாக மைக்கில் போய் விழுந்தது, நோட்டீஸில் போடுகிற மாதிரி, உடையாமல். அவள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், எனக்குக் காற்று விழுங்க நேரம் இருக்கிறது, நிறைய நேரம் இருக்கிறது. விழுங்கிக்கொண்டேன். அவள் மூச்சு தீரப்போகிறது என்று காதே சொல்லிற்று. இரண்டு விரலால் அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஞானத்தின் மைக்கை அணைக்கப் போனேன்.